வைப்பாற்றங்கரையில் குருநானக்கின் தராசு

ஆடி மாதத்தில் இருக்கன்குடி மாரியம்மனைத் தரிசித்து வருவது எங்கள் குடும்பத்து வழக்கம். கடைசி வெள்ளியன்று கூடும் ஜனத்திரளில் நிற்க இப்போது முழங்கால் இடம் கொடுப்பதில்லை. ஆகையால் ஒரு வாரம் முன்னதாகவே போய்விடுகிறோம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் அம்மன் சந்நிதியை இருபுறமும் அணைத்து வந்து கூடுகிற இடம் அது. இருகங்கைக்குடி என்பதே இருக்கன்குடி என மருவிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். கங்கை என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, பெரும்பாலான நாட்களில் இரண்டிலும் மணல்தான். அம்மனுக்கு அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. நமக்கும் தெரியக் கூடாது.

இவ்வாண்டு தரிசனம் முடிந்ததும் ஊர் திரும்பாமல், சாத்தூரைக் கடந்து மேற்கே வண்டியைச் செலுத்தச் சொன்னேன். என் துணைவியார் வியப்புடன் பார்த்தார். வெம்பக்கோட்டைப் பக்கம் போகலாம் என்று முப்பது ஆண்டுகளில் நான் ஒருமுறையும் சொன்னதில்லை. அங்கே ஏதேனும் கோயில் இருக்கிறதா என்று கேட்டார். அகழாய்வு நடந்த இடம் ஒன்று இருக்கிறது, பார்க்கலாம் என்றேன். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று.

வெம்பக்கோட்டை இன்று விருதுநகர் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைநகர். சிவகாசியிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் பேருந்துகள் உண்டு. கரிசல் மண், வேலிக்கருவை, நடுநடுவே வேம்பு, எட்ட எட்டச் சிறு சிறு அறைகளாகக் கட்டிய பட்டாசு ஆலைகள். மேற்கு மலைத்தொடரில் பிறந்து வரும் வைப்பாற்றை இங்கே அணை கட்டித் தேக்கியிருக்கிறார்கள். சிவகாசி நகரம் குடிக்கும் நீரில் ஒரு பங்கு இந்த அணையின் நீர். பிறகு ஆறு கிழக்கே நடந்து, இருக்கன்குடி அம்மனை வணங்கி, மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

ஆற்றின் வடகரையில் விஜயகரிசல்குளம் என்னும் சிற்றூரை ஒட்டி மேட்டுக்காடு என்று ஒரு திடல். 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே முதன்முதலாக மண்வெட்டியை வைத்தது. 2023-இல் இரண்டாம் கட்டம், 2024 ஜூன் மாதம் மூன்றாம் கட்டம் என்று பணி தொடர்ந்தது. கிடைத்த பொருள்களை ஊரிலேயே காட்சிக்கு வைத்தார்கள். பல நிறக் கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், தக்களி, குழந்தைகள் விளையாடிய சில்லு வட்டுகள், குன்றிமணி போன்ற சிறு பொன்னணிகள் என்று பலவும் இங்கே கிடைத்துள்ளன. என் கண் நிலைத்து நின்றது சங்கு வளையல்களின் மேல்தான். முழுதும் முடிந்த வளையல்கள் மட்டும் அல்ல, பாதி அறுத்தவை, அறுக்கும்போதே உடைந்தவை, கழிவுத் துண்டுகள் என்று நிறைய. கடலிலிருந்து இத்தனை தொலைவுக்குச் சங்கைக் கொண்டுவந்து இங்கே உட்கார்ந்து அறுத்திருக்கிறார்கள் என்று இதைக் கொண்டுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உடைந்த வளையலைப் பார்த்தால் அறுத்தவனின் கை நினைவுக்கு வருகிறது. அவன் பெயர் நமக்குத் தெரியாது. அணிந்த பெருமாட்டியின் பெயரும் தெரியாது. சங்கை அறுக்கையில் பறக்கும் வெண்பொடி அவன் கைகளில் படிந்திருக்கும். இன்று இதே மண்ணில் மாலை நான்கு மணிக்கு ஆலை விட்டு வருகிறவர்களின் கைகளில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னுகிறது.

அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். அம்மன் கோயிலில் தொடங்கி அகழாய்வுக்கு வந்தவன் இனிப் பஞ்சாபுக்கு அழைத்துப் போகப் போகிறேன். வழி நேரானதுதான்.

1994 முதல் 1997 வரை இந்தப் பகுதியில் ஒரு வங்கிக் கிளையில் கள அதிகாரியாகப் பணியாற்றினேன். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய நாள் முதல், வானம் பார்த்த இந்தப் பூமிக்கு நெருப்பே சோறு போட்டு வந்திருக்கிறது. மழை குறைவு என்பது உழவனுக்குச் சாபம். மருந்து உலர்த்துகிறவனுக்கு வரம். நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். அவர்களில் ஒருவர் அமிர்தசரஸ் நகரத்துச் சர்தார்ஜி. வெண்தாடி, நீலத் தலைப்பாகை, கையில் இரும்புக் காப்பு. இந்திப் பிரசார சபாவில் மத்யமா வரை தேறியவன் நான் என்பதால் கிளையில் அவருக்கு நானே மொழிபெயர்ப்பாளன். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரைச் ‘சர்தார்ஜி’ என்பேன். அவர் என்னைப் ‘பேட்டா’ என்பார், பிள்ளாய் என்று பொருள்.

சீக்கியர்களுக்குத் தீபாவளி உண்டா என்று முதல்முறை பேதைமையாய்க் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். ஆறாவது குருவான ஹரகோவிந்தரை முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் குவாலியர் கோட்டையில் சிறை வைத்திருந்தார். விடுதலை வந்தபோது, உடன் சிறைப்பட்டிருந்த அரசர்களை விட்டுத் தனியே வெளியேற குரு மறுத்தார். அவருடைய ஆடையைப் பற்றிக்கொண்டு வரக்கூடியவர்கள் மட்டும் வரலாம் என்று அனுமதி கிடைத்தது. பல தொங்கல்கள் வைத்து ஓர் அங்கி தைக்கச் செய்து, ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொள்ள, 52 அரசர்களுடன் அவர் வெளிவந்தார் என்பது சீக்கிய மரபு. அந்த நாளை அவர்கள் ‘பந்தி சோட்’, அதாவது சிறைமீட்ட நாள் என்று தீபாவளியன்று கொண்டாடுகிறார்கள். பொற்கோயிலில் விளக்கேற்றி வாணவேடிக்கை நடக்கும். ‘உங்கள் ஊர் கையால் செய்ததுதான் எங்கள் ஊர் வானத்தில் பூக்கிறது’ என்றார். அதைக் கேட்டதும் எங்கள் கரிசல் காட்டின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வமே வந்தது.

ஒருநாள் காசாளரின் கூண்டுக்கு முன்னே அவருக்காகப் பணம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்றாவது கட்டு வந்ததும் சர்தார்ஜி கண்ணை மூடிக் கையைக் குவித்தார். காரணம் கேட்டேன். அன்று மாலை தேநீர்க் கடையில் அவர் சொன்ன கதைதான் வங்கிக்காரனாகிய என்னைக் குருநானக்கிடம் கட்டிப்போட்டது.

குருநானக் 1469-இல் தல்வண்டியில் பிறந்தவர். இளமையில் தந்தை இருபது ரூபாய் கொடுத்து, லாபமுள்ள வியாபாரம் ஒன்று செய்து வா என்று அனுப்ப, வழியில் பசித்திருந்த சாதுக்களுக்கு அன்னமிட்டு அதையெல்லாம் செலவழித்துவிட்டுத் திரும்பினாராம். இதுவே மெய்யான வியாபாரம் என்றும் சொன்னாராம். எங்கள் கடன் பிரிவில் இதை வாராக்கடன் என்றே எழுதியிருப்போம். தந்தையும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார். பிறகு தமக்கை நானகியின் கணவர் முயற்சியால் சுல்தான்பூர் லோதியில் ஆளுநர் தௌலத்கான் லோதியின் தானியக் களஞ்சியத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. மோதிகானா என்பார்கள். இருப்பு, வரவு, பற்று, அளவை எல்லாம் அவர் பொறுப்பு. ஆம், ஒரு சமயத்தைத் தோற்றுவித்த ஞானி நம்மைப்போலக் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கியவர்!

அவர் தானியம் நிறுக்கும்போது பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணி வருவார். பதின்மூன்றுக்குப் பஞ்சாபியில் ‘தேரா’ என்று பெயர். ‘உன்னுடையது’ என்பதற்கும் அதே சொல். அங்கே வந்ததும் இறைவன் நினைவில் கரைந்து ‘தேரா, தேரா’ என்று சொல்லிக்கொண்டே நிறுத்துக் கொடுப்பாராம். களஞ்சியத்தைக் காலி செய்கிறார் என்று பொறாமைக்காரர்கள் கோள் சொன்னார்கள். தணிக்கை நடந்தது. இருப்பு குறையவில்லை, கணக்கைவிட மிகுதியாகவே இருந்தது என்று மரபு சொல்கிறது. அவர் கையாண்டவை என்று கருதப்படும் எடைக்கற்களைச் சுல்தான்பூரில் ஹட் சாகிப் என்னும் குருத்வாராவில் போற்றி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு உடனே அமர்நீதி நாயனார் நினைவுக்கு வந்தார். அவரும் வணிகர். அடியாரின் கோவணத்துக்கு ஈடாகத் தம் செல்வம் முழுவதையும் வைத்தும் சமமாகாத தராசில், மனைவி மக்களோடு தாமே ஏறி நின்றவர். அந்தக் கதையைச் சர்தார்ஜிக்குச் சொன்னேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, தராசு இரண்டு ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது என்றார். சிவகாசியில் வியாபாரம் முடிந்ததும் ஆண்டுதோறும் இராமேசுவரம் போய்விட்டுத்தான் அவர் ஊர் திரும்புவார். குருநானக் இலங்கை சென்று திரும்புகையில் அங்கே தங்கினார் என்பது அவர்கள் மரபு. குருநானக் தாம் என்ற பெயரில் அங்கே ஒரு குருத்வாரா இருக்கிறது.

இனி என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஆலைகளுக்கு இருப்பின் பேரில் கடன் தருவோம். மாதம் ஒருமுறை நேரில் போய் இருப்பைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. 1995-ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு சிறிய ஆலைக்குப் போனேன். தீபாவளி நெருங்குகிற காலம். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் அறைகளில் ஆட்கள் இருந்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில். வேலை நடத்தியவரோ உள்குத்தகைக்காரர். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. அந்த மரத்தடியிலிருந்து எழுந்து வந்த ஒருவர், கையைத் துடைத்துக்கொண்டு, சேமிப்புக் கணக்கு தொடங்க என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டார். பெண்ணின் படிப்புக்காம். படிவத்தை நானே பூர்த்தி செய்து கொடுத்தேன். அவர் கைநாட்டு வைத்த இடத்தில் மையோடு வெள்ளிப் பொடியும் ஒட்டியது.

கிளைக்குத் திரும்பிப் பதிவேட்டில் ‘இருப்பு சரி, காப்பீடு நடப்பில் உள்ளது’ என்று எழுதினேன். இரண்டும் உண்மை. மரத்தடியைப் பற்றி எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை எழுதுவானேன் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் போகவே இல்லை. அரையாண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். தலைக்கு மேல் வேலை. மேசையில் உட்கார்ந்தபடியே ‘நேரில் பார்வையிட்டேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஒன்பதாம் நாள் அந்த ஆலையில் வெடி விபத்து. இருவர் மாண்டனர். ஒருவர் அந்தச் சேமிப்புக் கணக்குக்காரர்.

வங்கிக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. கடன் வட்டியுடன் வசூலாயிற்று. விசாரணைக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. தணிக்கையாளர் என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்தி என்று எழுதிப் போனார். குருநானக்கின் களஞ்சியத்தைப்போல என் கணக்கும் சரியாகவே இருந்தது. மாண்டவரின் மனைவி, கணக்கிலிருந்த 640 ரூபாயைப் பெற வந்தபோது அந்தக் கோரிக்கையை ஒரே நாளில் முடித்துக் கொடுத்தேன். அவ்வளவு விரைவாக நான் எதையும் தீர்த்ததில்லை. அந்தத் தாய் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டு சர்தார்ஜி வந்தார். அவரிடம்தான் முதலில் சொன்னேன். ஒரு கதைதான் பதிலாக வந்தது. உலா சென்ற குருநானக் சையத்பூருக்கு வந்தபோது லாலோ என்னும் தச்சரின் குடிசையில் தங்கினார். அவ்வூர்ப் பெரும்புள்ளி மாலிக் பாகோ ஒரு விருந்து வைத்து எல்லோரையும் அழைத்தார். குரு போகவில்லை. வற்புறுத்தி அழைத்துவந்து காரணம் கேட்டபோது, ஒரு கையில் லாலோவின் காய்ந்த ரொட்டியையும் மறு கையில் பாகோவின் நெய் ரொட்டியையும் எடுத்துப் பிழிந்தாராம். தச்சரின் ரொட்டியில் பால் கசிந்தது. தனவந்தரின் ரொட்டியில் இரத்தம் சொட்டிற்று. பிறர் உழைப்பைப் பிழிந்து வந்த அன்னம் அது என்று அவையினர் கண்ணாலேயே கண்டார்கள்.

கதை முடிந்ததும் நான் என்னைப் பாகோவாக எண்ணித் தலைகுனிந்தேன். அவரோ தம் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மரத்தடியில் நிரப்பிக்கொண்டிருந்த பெட்டிகள் அவருக்கு வர வேண்டிய சரக்காம். சீக்கிரம் அனுப்பு, சீக்கிரம் அனுப்பு என்று இரண்டு தந்தி கொடுத்திருந்தாராம். ‘நீ எழுதாமல் விட்டாய், நான் எழுதிவிட்டேன்’ என்றார். அந்த ஆண்டு அவர் ஒவ்வோர் ஆலைக்கும் தாமே நடந்து போய் அறைகளைப் பார்த்த பிறகே கொள்முதல் செய்தார். தாமதமாயிற்று. சரக்கில் பாதிதான் பண்டிகைக்கு முன் போய்ச் சேர்ந்தது. அதில் அவருக்கு நல்ல நஷ்டம். இதையெல்லாம் அவர் பெருமையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார். அதன் பிறகு எனக்கு மாற்றல் வந்துவிட்டது. அவரை மறுபடி காணவில்லை.

சீக்கிய நெறியைப் பற்றிப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். வியப்பூட்டியது அதன் எளிமை. இறைவனுக்கு அவர்கள் இட்ட பெயர்களில் தலையாயது சத்நாம்; மெய்யே அவன் பெயர். ஆனால் மெய்யைப் போற்றிப் பேசுவதோடு குருநானக் நிற்கவில்லை. மெய்யாக நடந்து காட்டுவதையே அதற்கும் மேலான இடத்தில் வைத்தார். அதற்கு வழியாக மூன்று கடமைகளைச் சொல்வார்கள். இறைவன் பெயரை நினைத்திருப்பது. சொந்தக் கையால் நேர்மையாக உழைத்து ஈட்டுவது. ஈட்டியதைப் பகிர்ந்து உண்பது. நாம் ஜப்ணா, கிரத் கர்ணா, வண்ட் சக்ணா என்பன பஞ்சாபிப் பெயர்கள். முதலாவது நமக்குப் பழகியது. மூன்றாவதும் அன்னதானம் செய்கிற நமக்குப் புதிதன்று. நடுவில் இருப்பதை நாம் வழிபாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பூஜையறையில் பக்தியையும் அலுவலகத்தில் சாமர்த்தியத்தையும் தனித்தனிப் பேரேடுகளில் வைத்திருக்கிறோம். நான் அப்படித்தான் வைத்திருந்தேன். அந்த ஒன்பது நாட்களிலும் சந்தியாவந்தனம் தவறவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

துறவு பூண்டு மலையேறிய சித்தர்களோடு குருநானக் வாதிட்ட செய்தி ‘சித்த கோஷ்டி’ என்னும் பகுதியில் உள்ளது. உலகம் கெட்டுக் கிடக்கையில் விலகிப் போவது விடையாகாது என்பது அவர் நிலை. இறுதிக் காலத்தில் கர்த்தார்பூரில் குடும்பத்தோடு தங்கி, ஏர் பிடித்து உழுது, விளைந்ததை வந்தவர்களோடு உண்டு, 1539-இல் மறைந்தார். 1604-இல் ஐந்தாம் குரு அர்ஜுன் தேவர் தொகுத்த ஆதிகிரந்தத்தில் குருமார்களின் பாடல்களோடு பிற அடியார்களின் பாடல்களும் இடம்பெற்றன. நெசவாளர் கபீர், செருப்புத் தைத்த ரவிதாசர், உழவர் தன்னா, நாவிதர் சைன் என்று பெரும்பாலும் கைத்தொழில் செய்தவர்கள். காசி இராமாநந்தரின் பாடலும் அதில் உண்டு. அவர் நம் ஸ்ரீபெரும்புதூர் இராமாநுஜரின் வழிவந்தவர் என்பது சம்பிரதாயம். தெற்கிலிருந்து போன நீர்தான் வடக்கே அந்தக் குளத்திலும் கலந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2019 நவம்பர் 12-ஆம் நாள், இராமேசுவரத்தில் இருந்தேன். குருநானக்கின் 550-ஆம் அவதார நாள் அது. ஐப்பசிப் பௌர்ணமியும் அதே நாள். சிவாலயங்களில் ஈசனுக்கு அன்னாபிஷேகம். அன்னம் சாற்றிய திருமேனிக்கு முன் கைகூப்பி நின்றபோது லாலோவின் ரொட்டி நினைவுக்கு வந்தது. இந்த அன்னம் எவர் கையால் விளைந்தது, எவர் கூலி இதில் பாக்கி என்ற எண்ணம் வந்தது. சந்நிதியில் இப்படி நினைப்பது அபசாரமோ என்று கூசினேன். அன்று மாலை குருநானக் தாமுக்குப் போனேன். பாதணி கழற்றி, தலையில் துணி கட்டி, கிரந்தத்தின் முன் வணங்கிவிட்டுத் தரையில் வரிசையாக அமர்ந்தோம். பருப்பும் ரொட்டியும் பரிமாறினார்கள். எனக்கு ஒரு பக்கம் மீனவர் ஒருவர், மறு பக்கம் லூதியானாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். இரண்டு கையையும் ஏந்தித்தான் ரொட்டி வாங்க வேண்டும். ஏந்தினேன், கை நடுங்கியது. சாப்பிட்டு முடிக்க நெடுநேரம் ஆயிற்று. வெம்பக்கோட்டைக்குப் போக வேண்டும் என்று அன்றுதான் தீர்மானித்தேன். தீர்மானம் நிறைவேற ஆறு ஆண்டுகள் பிடித்தன. இதற்குப் பெருந்தொற்றைக் காரணம் காட்டலாம். பயம் என்பதே சரி.

அந்த ஆறு ஆண்டுகளில் செய்தித்தாள் திறக்கும்போதெல்லாம் இந்தப் பகுதியின் பெயர் கண்ணில் படும். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டையை அடுத்த குண்டாயிருப்பில் பத்துப் பேர். சிறியவை கணக்கில் இல்லை. உராய்வு காரணம் என்று ஒரு வரி எழுதுவார்கள். மருந்துக்கு உராய்வு காரணம்தான். அதற்கு முன்னால் எத்தனை பேனாக்கள் உராயாமல் இருந்தன என்பதை அறிந்தவன் நான் ஒருவன் மட்டும் அல்லன்.

அகழாய்வுக் காட்சியைப் பார்த்து முடித்தபின், துணைவியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது ஆண்டுகளில் முதல் தடவை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘அந்தம்மா வீடு எங்கே இருக்கு?’ என்று மட்டும் கேட்டார். எங்கள் கிளையில் கடைநிலை ஊழியராக இருந்த நண்பர் முன்பே விசாரித்து வைத்திருந்தார்.

ஓடு வேய்ந்த சிறிய வீடு. திண்ணையில் அந்த அம்மாள் கேப்பையைப் புடைத்துக்கொண்டிருந்தார். எழுபதை எட்டியிருப்பார். ‘பேங்க்ல இருந்தவுகளா? ஒரே நாள்ல ரூவா எடுத்துக் குடுத்தீகளே, அவுகளா?’ என்று அடையாளம் கண்டுகொண்டார். அதுதான் அவர் மனத்தில் நான். உட்காரச் சொன்னார். நிற்பதே நல்லது என்று நின்றுகொண்டே சொன்னேன். மரத்தடியைப் பார்த்தது, எழுதாதது, பிறகு போகாமலே போனதாக எழுதியது. சொல்லி முடித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். வெகுநேரம் அதில் கிடந்த உமியைப் பார்த்தார்.

‘நீங்க எழுதியிருந்தா ஆலையைப் பூட்டியிருப்பாக. பூட்டியிருந்தா அந்தத் தீவாளிக்கு எங்க வீட்டுல உலை வச்சிருக்க மாட்டோம். உங்களைத்தான் வைதிருப்போம்.’

நான் ஒன்றும் பேசவில்லை.

‘ஆனா, அவரு இருந்திருப்பாரு’ என்றார்.

சற்று நேரம் கழித்துத் தம் மகளைப் பற்றிச் சொன்னார். அந்தக் கணக்கு தொடங்கியது எவளுக்காகவோ அவள் படித்து, பக்கத்து ஊரில் அங்கன்வாடியில் பணியாற்றுகிறாளாம். மருமகன் பட்டாசு ஆலையில்தான் இருக்கிறாராம். ‘அங்க அறையில நாலு பேருக்கு மேல உக்கார விட மாட்டாகளாம்’ என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அது உண்மைதானே என்று வங்கிக்காரனிடம் உறுதி கேட்கிற பார்வை. எனக்குத் தெரியாது அம்மா, அங்கே நான் போனதில்லை என்றேன். அவர் தலையசைத்தார்.

பிறகு எழுந்து போய் இரண்டு தம்ளர்களில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார். இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். நாங்கள் குடித்துக்கொண்டிருக்கையில் தெரு முனையில் ஆலை வேன் வந்து நின்றது. வெள்ளி பூசிய கைகளோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். அந்த அம்மாள் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு, மருமகன் இறங்கும் வரை பார்த்து நின்றுவிட்டு, மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.